உள்ளே வர இலவசம், வெளியே போகக் கட்டணம்

புரட்டாசி பிறந்த வாரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த பில்லில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. மற்ற வரிகள் புரிந்தன. படங்களை வைத்திருக்கும் இடத்துக்கு இவ்வளவு, கணினி ஓடிய நேரத்துக்கு இவ்வளவு. இரண்டும் அற்பத் தொகை. மூன்றாவது வரி, வெளியே அனுப்பிய தரவுக்கு என்றது. அதற்கு நேரே இருந்த தொகை எங்கள் மாடி வாடகையைத் தாண்டியிருந்தது.

மாடி என்பது உத்திரமேரூர் பஜார் தெருவில் ஓர் உரக்கடைக்கு மேலே இருக்கிறது. சுற்றுவட்டார விவசாயிகள் பங்கு போட்டு நடத்தும் நிறுவனம் எங்களுடையது. கணக்கு எழுத என்னை வைத்திருந்தார்கள். எந்த ஊரில் என்றைக்கு நடவு தொடங்கியது, எந்த ஏரி என்றைக்கு நிரம்பியது என்று குறித்து வைப்பது என் சொந்தப் பழக்கம். அதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் வேண்டாம் என்று சொன்னதும் கிடையாது.

அந்த ஆண்டு ஆடியில் ஒரு புதிய சேவையை ஆரம்பித்திருந்தோம். பயிரில் ஏதாவது நோய் தெரிந்தால் உறுப்பினர் அந்த இலையைக் கைபேசியில் படம் எடுத்து எங்கள் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். சற்று நேரத்தில் அவருக்கு ஒரு போன் வரும். இது இன்ன நோய், இன்ன மருந்து, இவ்வளவு தண்ணீரில் கலந்து அடிக்கவும் என்று ஒரு குரல் தமிழில் சொல்லும். படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

இதை நிர்வகித்தது எங்கள் மேலாளர்; அந்தக் குரலும் அவருடையதுதான். கணினி படித்துச் சென்னையில் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் ஊரான பெருநகருக்கு வந்துவிட்டவர். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருவார். பில்லை அவரிடம் நீட்டினேன்.

"படம் எல்லாம் ஒரு கிளவுட்ல இருக்கு சார். இலையைப் பாத்து நோய் சொல்ற புரோகிராம் வேற கம்பெனியோட கிளவுட்ல இருக்கு. இங்கேர்ந்து அங்க போற ஒவ்வொரு படத்துக்கும் இவங்க காசு எடுக்கறாங்க."

"அங்கே உள்ளே விடுவதற்கு?"

"அது ஃப்ரீ. எந்த கிளவுட்லயும் உள்ள வர்றது ஃப்ரீதான். வெளிய போனாத்தான் காசு."

எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. உள்ளே வர இலவசம், வெளியே போகக் கட்டணம் என்று எந்த இடத்திலாவது பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். கோயிலில் இல்லை, சினிமாக் கொட்டகையில் இல்லை. பஸ் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போதுதான் காசு கேட்பார்கள், ஆனால் அது வண்டி நின்றதற்கான வாடகை. இங்கே நிற்பதற்கு வாடகை தனியாக இருக்கிறது. இது வாசலைத் தாண்டுவதற்கு.

ஏன் இரண்டு கிளவுட் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த காரணம் எளிமையானது. படம் வைக்கும் இடத்தை, சிறு நிறுவனங்களுக்கு உதவும் ஒரு திட்டத்தில் எங்களுக்கு ஆரம்பத்தில் இனாமாகக் கொடுத்தார்கள். நோய் சொல்லும் புரோகிராமை ஓர் ஆராய்ச்சி நிலையம் தன் சொந்த இடத்தில் வைத்திருந்தது. இரண்டையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கிடைத்ததை ஒட்டினோம். பேச்சுக்குத்தான் கிளவுட், மேகம் எல்லாம். உண்மையில் எங்கோ இரண்டு ஊர்களில் குளிரூட்டிய இரண்டு கட்டடங்களில் கணினிகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் உறுப்பினர் ஒருவரின் இலை அந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போய் வருகிறது. போன படம் அங்கே நோயைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டு முழு அளவில் திரும்பி வருகிறது. அப்போது அந்தக் கட்டடக்காரர்கள் தங்கள் பங்குக்கு வெளியேற்றக் கட்டணம் எடுக்கிறார்கள்.

"வட்டம் எதுக்கு? நமக்கு நோய்ப் பெயர்தானே வேண்டும்?"

"அழகா இருக்குன்னு விட்டுட்டேன் சார்," என்றார் மேலாளர். பிறகு திரும்பி உட்கார்ந்து, அந்த வட்டத்தை அன்றே நிறுத்தினார். பாதிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. மீதிப் பாதிக்குத்தான் மாசக்கணக்கில் அலைந்தோம்.

என்னென்ன படங்கள் போகின்றன என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. மேலாளர் திரையில் திறந்து காட்டினார். இலைகள் இருந்தன. ஆனால் இலைகளுக்கு ஈடாகப் பிள்ளையார்களும் இருந்தார்கள். வரப்பின் மேல் சாணிப் பிள்ளையார், தலையில் அருகம்புல். மஞ்சள் பிள்ளையார், வெற்றிலையின் மேல். மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒட்டிய காலண்டர் பிள்ளையார். எந்தக் காரியத்தையும் பிள்ளையாரை வைத்துத் தொடங்குகிறவர்கள், படம் அனுப்புவதையும் அப்படியே தொடங்கியிருக்கிறார்கள். முதல் படம் சாமி, இரண்டாவது படம் நோய். கிறிஸ்தவக் குடும்பங்கள் சும்மா இருக்குமா. குருத்தோலை ஞாயிற்றில் மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவையை வரப்பில் குத்தி, அதை முதலில் அனுப்பியிருந்தார்கள். அத்தனை படமும் காசு கொடுத்து வாசலைத் தாண்டி, நோய் சொல்லும் புரோகிராமிடம் போய், 'இலை இல்லை' என்ற பதிலோடு நின்றது.

"பிள்ளையாருக்கு நோய் இல்லன்னு சொல்றதுக்கு நம்ம காசு," என்று மேலாளர் சிரித்தார்.

அந்தப் படங்களில் மாகறல் உறுப்பினர் ஒருவருடையதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் பங்கு வாங்க அவர் வந்தது எனக்கு நினைவிருந்தது. காலமெல்லாம் கூலிக்கு நாற்று நட்ட பெண். கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். அந்த வருடம் இவர் முதன்முறையாகச் செய்யாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சேரும்போதே சொன்னார்: "நெலத்துக்காரரு ஒரு போகம் பாக்கறேன்னு கீறாரு. இந்தச் சம்பா ஒயுங்கா வந்தாத்தான் அடுத்து குடுப்பாராம். இல்லன்னா பழையபடி கூலிதான்." எழுதப் படிக்க வராது. மகள் பழைய கைபேசி ஒன்றைக் கொடுத்திருந்தாள். அவருடைய ஓலைச் சிலுவை கொஞ்சம் சாய்ந்து, பின்னால் புதிதாக நட்ட பயிரோடு தெரிந்தது.

ஐப்பசியில் நிர்வாகக் குழு கூடியது. தலைவர் பெருநகர்க்காரர், வாலாஜாபாத் அரிசி ஆலைகளுக்கு நெல் அனுப்பியே நரைத்தவர். பில்லைக் கண்ணாடியின் மேல்பக்கத்தால் பார்த்தார்.

"இன்னாமா இது. படம் அனுப்பறதுக்கா இவ்ளோ?"

மேலாளர் விளக்கினார். தலைவர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம மில்லுக்காரன் மாதிரிதான் கீது. நெல்லு ஏத்தியார லாரி அவனே அனுப்புவான், இனாமா. வெல கட்டல, திருப்பி எடுத்துகினு போறன்னு சொல்லிப் பாரு. ஏத்துகூலி, எறக்குகூலி, நின்ன கூலின்னு போட்டுடுவான்."

எனக்கு அதுவரை கிடைக்காத உவமை அது. வாங்குகிறவன் வாசலை அகலமாக வைப்பான். போகிறவனுக்கு அது சுருங்கும். ஆனாலும் ஒரு குறை இருந்தது. ஆலையில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். இங்கே தூக்குகிறவர் யார்? நடுவிலிருக்கும் கம்பிக்கும் கருவிக்கும் செலவு உண்டுதான், ஆனால் வரும்போதும் அதே கம்பியில்தானே வருகிறது என்று மேலாளரிடம் கேட்டேன். "அதைத்தான் சார் எல்லாரும் கேக்கறாங்க," என்றார்.

"எல்லாத்தியும் ஒரே எடத்துல வெச்சிட்டா இன்னா?" என்றார் தலைவர்.

"புரோகிராம் நம்மது இல்ல தலைவரே, அத நகத்த முடியாது. படத்தை எல்லாம் அங்க கொண்டுபோனா, போறதுக்கு ஒரு தடவ மொத்தமாக் காசு. அப்புறம் இங்க கிடைக்கற இனாமும் போயிடும்."

"பெரிய கம்பெனிக்காரங்க இன்னா பண்றாங்க?"

"ரெண்டு கிளவுடுக்கும் நடுவுல தனியா லைன் வாங்கிப் போட்டுக்கறாங்க. நமக்குக் கட்டாது."

தலைவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டினார். "ஒரு டப்பால போட்டு பஸ்ல குடுத்தனுப்ப முடியாதா? கண்டக்டரு நம்ம பையன்தான்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. அப்படி ஒரு முறை நிஜமாகவே இருக்கிறது என்றார். ஏராளமான தரவு உள்ளவர்களுக்குக் கம்பெனிக்காரர்களே ஒரு பெட்டி அனுப்புவார்களாம். அதில் நிரப்பி லாரியில் ஏற்றிவிட்டால் கம்பி வழியே போவதைவிடச் சீக்கிரம் போய்ச் சேருமாம். தலைவர் சபையைச் சுற்றிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"அப்ப நான் ஒண்ணியும் தப்பா சொல்லல."

"தப்பில்ல தலைவரே. ஆனா இலை நோய்க்கு அன்னிக்கே பதில் வேணும்."

முடிவு இப்படி எழுதப்பட்டது: மார்கழிக்குள் இந்தச் செலவு வாடகைக்குக் கீழே இறங்கவில்லை என்றால் சேவை நிறுத்தப்படும்.

மேலாளர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, எங்கள் கிளவுட்டின் வாசலிலேயே ஒரு சிறு சல்லடை வைத்தார். சாமிப் படமா, பயிர்ப் படமா என்று மட்டும் பார்க்கும் சின்ன புரோகிராம். சாமி என்றால் வெளியே அனுப்பாமல் ஓரமாக ஒதுக்கிவிடும். எங்களிடம் குவிந்திருந்த பிள்ளையார்களையும் சிலுவைகளையும் காட்டித்தான் அதைப் பழக்கினார். இரண்டாவது, உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பினார். படம் அனுப்பச் செலவாகிறது, தேவையான ஒரு படம் மட்டும் அனுப்புங்கள் என்று.

கார்த்திகை பில் நன்றாக இறங்கியிருந்தது. ஒதுக்கிய படங்களை மேலாளர் அழித்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பிள்ளையார் படத்துக்குப் பின்னாலும் நாள் பதிந்திருந்தது. எந்த வரப்பில் என்றைக்கு நாற்று விட்டார்கள், என்றைக்கு நட்டார்கள் என்று நான் ஊர் ஊராகக் கேட்டுக் குறித்தது அத்தனையும், கேட்காமலே அங்கே கிடந்தது. வைத்திருக்கச் செலவு எவ்வளவு என்று கேட்டேன். "டீக் காசு கூட ஆகாது சார். வெச்சிருக்க இல்ல, நகத்தத்தான் காசு." விட்டுவிட்டார்.

மார்கழியில் பனி அந்த வருடம் கடுமையாக இறங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது, மாகறல் பெண் உரக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டு. மேலாளர் பஸ் இறங்கி வந்ததும் எழுந்து மாடிக்குப் பின்னாலேயே வந்தார்.

"இன்னா கண்ணு, எனுக்கு மட்டும் போன் வரல. எல்லாருக்கும் வருது."

"எப்ப அனுப்புனீங்க அக்கா?"

"ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சி வந்து அனுப்பினேன். அப்பலேர்ந்து போனைக் கையிலியே வெச்சிகினு கீறேன். வூட்டுக்காரரு கேக்கறாரு, போனு உன்ன வளக்குதா நீ போன வளக்கறியான்னு."

துணியைப் பிரித்தார். நெற்பயிரின் தாள்கள். இலையில் நடுவே அகன்று இரண்டு முனையும் கூராக, கண் மாதிரி சாம்பல் நிறப் புள்ளிகள். எனக்கே தெரிந்தது. குலைநோய். அது இலையில் இருக்கும்போது பிடித்துவிட்டால் பிழைக்கலாம். கதிரின் கழுத்துக்குப் போய்விட்டால் பால் பிடிக்காது, பதர்தான்.

மேலாளர் கணினியைத் திறந்து தேடினார். வந்த பயிர்ப் படங்களில் அவர் பெயரில் ஒன்றும் இல்லை. வெளியே போனவற்றிலும் இல்லை. சிறிது யோசித்துவிட்டு ஒதுக்கிய படங்களைத் திறந்தார். அங்கே இருந்தது. சாய்ந்த ஓலைச் சிலுவை, இப்போது நன்றாகக் காய்ந்து வெளுத்திருந்தது. சிலுவையின் குறுக்கு ஓலையில் நோய் கண்ட இலையைச் செருகி, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுத்திருந்தார்.

"ஏங்க்கா இப்படி எடுத்தீங்க?"

"நீதான கண்ணு சொன்ன, ஒரு படம் மட்டும் அனுப்புங்கன்னு. சிலுவைய உட்டுட்டு அனுப்ப மனசு வரல. ரெண்டு அனுப்பினா கம்பெனிக்கு நட்டம். அதான் ஒண்ணுல ரெண்டியும் வெச்சேன்."

சல்லடை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. சிலுவையைப் பார்த்தது, ஒதுக்கியது. அந்தப் பெண்ணும் நாங்கள் சொன்னதைச் சரியாகச் செய்திருந்தார். சொல்லப்போனால், அந்த மார்கழியில் தரவைச் சிக்கனமாக அனுப்பியவர்களில் அவருக்கு ஈடு யாரும் இல்லை.

"தப்பாப் பண்ணிட்டனா?"

"இல்லக்கா. உங்க படம் சரி. எங்க மெஷினுக்குத்தான் தெரியல."

"அதுக்கு இன்னா தெரியும், பாவம்," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "மருந்து சொல்லு சார், பஸ்ஸு பூட்டுடும்."

அந்த ஒரு படத்தை மேலாளர் கையாலேயே அனுப்பினார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது, குலைநோய் என்றது. வேளாண் அலுவலரிடமும் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கீழே உரக்கடையில் மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். படியில் இறங்கும்போது அவர் கைபேசி அடித்தது. எங்கள் சேவையின் குரல், அதே மருந்தை மறுபடி சொன்னது. நின்று முழுவதும் கேட்டார். மேலாளர் பக்கத்தில் நிற்பதை மறந்தவர்போல, முடிந்ததும் அந்தக் குரலுக்கு "சரிம்மா" என்றார்.

அவர் போன பிறகு மேலாளர் சல்லடையை அணைத்தார். அப்படியே விட்டால் தை பில் மறுபடி ஏறும், குழு சேவையை நிறுத்தும். அணைக்காவிட்டால் இன்னும் எத்தனை சிலுவையில், எத்தனை பிள்ளையார் மடியில் இலை இருக்கிறதோ. ஒதுக்கிய படங்களை இருவரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அழிக்காமல் இருந்தது அன்றைக்கு உதவியது. பிள்ளையாரின் காதருகே இலை செருகிய படம் ஒன்று கிடைத்தது. பெருநகர்ப் பக்கத்தது. அது வெறும் துத்தநாகக் குறைபாடுதான்.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், வரிசையில் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறதே, இதிலேயே இலை புரிகிறதே என்று. வரிசையாக நிறைய படங்களைக் காட்டும்போது கணினி ஒவ்வொன்றையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கிக் காட்டும். மேலாளர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"சின்னதையே அனுப்பலாம் சார்."

"அதில் நோய் தெரியுமா?"

"இலை இருக்கா இல்லையான்னு தெரியும். இருந்தா, அந்தப் புரோகிராமே பெருசா ஒண்ணு அனுப்புன்னு கேக்கட்டும். கேட்டா மட்டும் அனுப்புவோம். யாரையும் ஒதுக்க வேணாம்."

அதைச் செய்ய அவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவரோடு போனில் பேசிப் பேசி, இரண்டு பக்கமும் மாற்றினார்கள். படம் வந்ததும் எங்கள் பக்கத்திலேயே தபால்தலையாகச் சுருங்கும். தபால்தலைகள் எல்லாம், சாமி உட்பட, வாசலைத் தாண்டும். தாண்டுவதற்கு ஆகும் செலவு பில்லில் தேடினாலும் சிரமப்பட்டுத்தான் தெரிந்தது. பெரிய படங்கள் கேட்டால் மட்டும் போகும். தலைவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே பிடித்துவிட்டது.

"சாம்பிளு. ஒரு கைப்பிடி நெல்லக் காட்டி வெல பேசிட்டு அப்பால மூட்டைய ஏத்தறது. அத மொதல்லியே பண்ணியிருக்கலாமே."

"நீங்க பஸ்ல அனுப்பலாம்னு சொன்னீங்க தலைவரே," என்றார் மேலாளர்.

"அதும் இருக்குதுன்னு நீதான சொன்ன."

தை பில் வாடகைக்குக் கீழே வெகு தூரத்தில் நின்றது. சேவையைத் தொடரலாம் என்று குழு எழுதியது. ஆனால் நான் காத்திருந்தது அந்தத் தீர்மானத்துக்கு அல்ல. பொங்கல் கழிந்த மறுவாரம் மாகறலுக்குப் போனேன், அறுப்பு நாளைக் குறிக்க என்ற சாக்கில். ஆற்றுப் பக்கத்து மூலை ஒன்றில் கதிர்கள் வெளுத்து நின்றன; பனி அதிகம் தேங்கிய இடம். மருந்து அங்கே எட்டுவதற்குள் நோய் கழுத்துக்குப் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் தலை சாய்ந்திருந்தது. இயந்திரம் அறுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வரப்பில் நின்று, வெளுத்த மூலையை எனக்குக் காட்டினார்.

"இது ஞாயித்துக்கெயமைக்கும் செவ்வாக்கெயமைக்கும் நடுவுல போனது சார்."

அதை அவர் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. எங்கே போயிற்று என்று தெரிந்து வைத்துக்கொள்ளும் குரல் அது.

"நிலத்துக்காரர் வந்து பார்த்தாரா?"

"பாத்தாரு. இந்த மூலையதான் மொதல்ல பாத்தாரு. அப்பால மீதியப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம வண்டில ஏறிட்டாரு." இயந்திரம் திரும்பும்வரை நிறுத்தினார். "நேத்து ஆள் அனுப்பிக் கேட்டாரு, சித்திரைல நாத்து எப்ப உடறன்னு."

பங்குனிக் கடைசியில், குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரம், மேலாளர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மாகறலிலிருந்து ஒரு படம், தபால்தலை அளவில் வாசலைத் தாண்டியிருந்தது. புதிய ஓலைச் சிலுவை, இன்னும் பச்சையாக, இந்த முறை நேராகக் குத்தியிருந்தது. பின்னால் சேறு குழப்பி மட்டம் செய்த நாற்றங்கால், வெறுமையாக. அடுத்த பக்கத்துப் புரோகிராம் அந்தப் பச்சை ஓலையைப் பார்த்துக் குழம்பியிருக்க வேண்டும். பெரிய படம் வேண்டும் என்று கேட்டிருந்தது; எங்கள் பக்கம் அனுப்பியிருந்தது. அன்று காலையிலிருந்து முழு அளவில் வெளியே போனது அந்த ஒன்றுதான்.

பதில் வந்தது: இலை உண்டு. நெல் அல்ல. நோய் இல்லை.

"இதுக்கும் போன் போயிருக்குமா?" என்று கேட்டேன்.

"போயிருக்கும் சார். நோய் இல்லைன்னு சொல்லியிருக்கும்."

நான் அந்தப் படத்தின் நாளை என் பட்டியலில் எழுதிக்கொண்டேன். மாகறல், ஆற்றுப் பக்கம், நாற்றங்கால் தயார்.